மேலே உள்ள அரை அங்குலம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பட்டறைக்கல். உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறடால் எடுத்து, எதன்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறோமோ, அந்தப் பட்டறைக்கல். அதிலும் பழைய பட்டறைக்கல். நூறு ஆண்டுக்கு முன்பு செய்யப்பட்டு, யாரோ ஒரு கொல்லர் வாழ்நாளெல்லாம் அடித்து, பிறகு ஏதோ ஒரு கொட்டகையின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் பட்டறைக்கல். அதை எங்கே தேடுவது? கண்டால் எப்படிச் சோதிப்பது? எதைப் பார்த்து வாங்குவது, எதைப் பார்த்தால் விட்டுவிடுவது? இவற்றைத்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

இதை ஏன் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் வந்து பேசுகிறேன் தெரியுமா? நீங்கள் வேலைக்கும் படிப்புக்கும் வந்து குடியேறியிருக்கும் இந்த ஊரில்தான் அமெரிக்காவின் தலைசிறந்த பட்டறைக்கற்களில் இரண்டு வகை பிறந்தன. ஒன்று, கொலம்பஸ் ஃபோர்ஜ் அண்ட் அயர்ன் கம்பெனி செய்த 'ட்ரென்டன்'. மற்றொன்று, கொலம்பஸ் ஆன்வில் அண்ட் ஃபோர்ஜிங் கம்பெனி செய்த 'ஆர்ம் அண்ட் ஹாமர்'. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஊரின் உலைகளிலிருந்து அவை நாடு முழுவதும் போயின. இன்று உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் தெரியாது. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, பட்டறைக்கல்லை முதன்முதலாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஒரே இரும்புத் துண்டாகத் தெரியும். முன்பக்கம் கூம்பாக நீண்ட கொம்பு. நடுவில் தட்டையான முகம். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வால். ஒடுங்கிய இடுப்பு. அகன்ற பாதம். வால்பக்கத்தில் ஒரு சதுரத் துளை. உளி, வளைப்பு அச்சு போன்ற துணைக் கருவிகளின் காம்பைச் செருகி நிறுத்த அது. பக்கத்திலேயே சிறிய வட்டத் துளை. லாடத்தில் ஆணித் துளை போடும்போது ஊசி உளி கீழே இறங்க அது. பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று. ஆனால் உண்மையில் ஒன்றல்ல.

பழைய பட்டறைக்கற்களில் பெரும்பாலானவற்றின் உடல் தேனிரும்பு. அது மென்மையானது, அடித்தால் நசுங்கும். அந்த உடலின் தலையில் அரை அங்குலத் தடிமனுக்கு, சிலவற்றில் அதற்கும் சற்றுக் குறைவாக, ஓர் எஃகுத் தகடு. உடலையும் தகட்டையும் வெண்மையாகக் காயவைத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, பல ஆட்கள் சுற்றி நின்று சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்தார்கள். பிறகு அந்தத் தகட்டைச் செந்நிறத்துக்குக் காய்ச்சித் தண்ணீர் காட்டி இறுகவைத்தார்கள். இவ்வளவு பெரிய இரும்பைத் தொட்டியில் முக்கினால் போதாது. சுற்றிலும் நீராவி சூழ்ந்துகொண்டு, தண்ணீரை இரும்பில் ஒட்டவிடாது. அதனால் மேலிருந்து வேகமாகத் தண்ணீரைக் கொட்டச் செய்தார்கள். அப்போதுதான் முகம் இறுகியது. அப்படி இறுகியதும் முகத்தின் மேல்பகுதிதான். ஆழத்துக்குப் போகப் போக இறுக்கம் குறைந்துவிடும்.

ஆகவே நினைவில் வையுங்கள். நூறு கிலோ இரும்பைத் தூக்கி வந்தாலும் நாம் காசு கொடுப்பது மேலே உள்ள அந்த அரை அங்குலத்துக்குத்தான். அது நன்றாக இருந்தால் மற்ற குறையெல்லாம் சின்னக் குறை. அது போய்விட்டது என்றால், கொம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், முத்திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது வெறும் பாரம். இன்று நான் சொல்லப்போகும் எல்லாச் சோதனையும் அந்த அரை அங்குலத்தைப் படிப்பதற்கான வழிதான்.

அதற்கு முன் எங்கே தேடுவது என்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் இந்த ஒஹாயோவில் தேடவே வேண்டியதில்லை. குதிரை இருந்த இடத்தில் லாடம் இருந்தது. லாடம் இருந்த இடத்தில் கொல்லர் இருந்தார். கொல்லர் தூரத்தில் இருந்த பண்ணைகள் தாமே ஒரு சின்னப் பட்டறைக்கல் வாங்கி வைத்துக்கொண்டன. சியர்ஸ் ரோபக் நிறுவனம் தன் விலைப்பட்டியலில் 'ஆக்மி' என்ற பெயரில் பட்டறைக்கல் விற்றது. தபாலில் எழுதிப் போட்டால் ரயிலில் வந்து இறங்கும். 1908-இல் ஃபோர்டின் 'மாடல் டி' கார் வந்தது. அதன்பின் டிராக்டர் வந்தது. குதிரை போயிற்று. கொல்லர் மெக்கானிக் ஆனார், இல்லையென்றால் கடையை மூடினார். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942-இல் ஊர் ஊராகப் பழைய இரும்பு திரட்டினார்கள். எத்தனை பட்டறைக்கற்கள் அந்தக் குவியல்களில் போய் உருகியிருக்கும்! நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. போர்க்காலம், வேறு வழியில்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. மனம் ஆறவில்லை.

தப்பியவை கொட்டகைகளில் கிடந்தன. கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்தார்கள். வாசலில் கறுப்பு வர்ணம் பூசி நிறுத்தினார்கள். அப்படியே கிடந்தவற்றை மீண்டும் உலைப் பக்கம் கொண்டுவந்தது ஒரு மறுமலர்ச்சி. அலெக்ஸ் பீலர் எழுதிய, கொல்லுத் தொழிலைப் பற்றிய நூல் 1969-இல் வெளிவந்தது. 1973-இல் ஜார்ஜியா மாநிலத்து லம்ப்கினில் சில கொல்லர்கள் கூடி, வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அழிந்தே போகும் என்று எல்லோரும் நினைத்த தொழில் ஆசிரியர்களிடமும் மருத்துவர்களிடமும் பொறியாளர்களிடமும் போய்ப் பிழைத்துக்கொண்டது. பிறகு 2015-இல், கத்தி அடிக்கும் போட்டியைக் காட்டும் 'ஃபோர்ஜ்டு இன் ஃபயர்' தொலைக்காட்சியில் வந்தது. அதன்பின் விலை ஏறியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பவுண்டுக்கு ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைத்தது. இன்று நல்ல கல் நான்கைந்து டாலருக்குக் கிடைத்தால் வாங்கியவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார். அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பவர்களும் நிறைய.

சரி, இன்று எங்கே கிடைக்கும்? பண்ணை ஏலங்களுக்குப் போங்கள். வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனைகளுக்குப் போங்கள். இந்த மாநிலத்தின் ஹோம்ஸ் மாவட்டத்துக்குப் போங்கள். அங்கே ஆமிஷ் மக்கள் இன்றும் குதிரை வண்டியில்தான் போகிறார்கள், லாடம் அடிக்கும் கொல்லர்கள் இன்றும் வேலை செய்கிறார்கள். செப்டம்பர் மாதத்தில் ட்ராய் நகரத்தில் கூடும் 'குவாட் ஸ்டேட்' கொல்லர் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள். வண்டி வண்டியாகப் பட்டறைக்கற்கள் வந்து இறங்கும். விலை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே நாளில் ஐம்பது கல்லைத் தட்டிப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? காது பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஆனால் மிகச் சிறந்த வழி எது என்று கேட்டால், வாய்விட்டுச் சொல்வதுதான். மாட்டுத்தீவனக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். டிராக்டர் பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள். உடன் வேலை செய்பவரிடம், அவருடைய மாமனாருக்குப் பண்ணை இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு ஒரு பட்டறைக்கல் வேண்டும், அழகுக்கு அல்ல, அடிப்பதற்கு என்று சொல்லுங்கள். கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். தாத்தாவின் பட்டறைக்கல்லை விற்க மனமில்லாத எத்தனையோ பேர், அதில் மீண்டும் இரும்பு அடிபடும் என்று தெரிந்தால் கொடுத்துவிடுகிறார்கள். ஏலத்தில் எடுத்ததைவிட மிகக் குறைந்த விலையில் அப்படிக் கைமாறியவை உண்டு. கொடுத்தவருக்கும் மனநிறைவு, வாங்கியவருக்கும் மனநிறைவு.

இப்போது ஒரு பட்டறைக்கல் உங்கள் கண்முன்னே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்?

முதலில் உரியவரிடம் அனுமதி கேளுங்கள். பிறர் பொருளைக் கேட்காமல் சுத்தியலால் தட்டாதீர்கள். அனுமதி கிடைத்ததும், சின்னச் சுத்தியலால் முகத்தில் மெதுவாகத் தட்டுங்கள். சந்தையில் மண்பானை வாங்கும் நம் பாட்டி விரலால் சுண்டிப் பார்ப்பாளே, அதே கதைதான். கணீரென்று நீண்டு ஒலித்தால் உடல் ஒன்றாக இருக்கிறது. ஓரிடத்தில் கணீரென்றும் அடுத்த இடத்தில் கரகரவென்றும் கேட்டால் நின்று யோசியுங்கள். அங்கே எஃகுத் தகடு உடலைவிட்டுப் பிரிந்திருக்கலாம். உட்கார்ந்து, முகத்துக்குக் கீழே பக்கவாட்டில் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறதா? அந்தக் கோட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைப் பூசுங்கள். பிளவு இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வெளியே வந்து தூளில் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

ஒலியை மட்டும் நம்பி ஒரு கல்லை ஒதுக்கிவிடாதீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகரத்தில் ஃபிஷர் அண்ட் நாரிஸ் என்ற நிறுவனம் இருந்தது. ஈகிள் ஆன்வில் ஒர்க்ஸ் என்பது தொழிற்சாலையின் பெயர். கல்லின் பக்கத்தில் கழுகு உருவம் புடைத்து நிற்கும். மார்க் ஃபிஷர் 1847-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். எஃகுத் தகட்டை அச்சுக்குள் வைத்து, அதன்மேல் உருகிய வார்ப்பிரும்பை ஊற்றி, இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் முறை அது. வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கிவிடும். அதனால் ஃபிஷர் கல் ஒலிக்காது. தட்டினால் டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விவரம் தெரியாதவர் உடைந்த கல் என்று நினைத்துப் போய்விடுவார். ஆனால் அந்த அமைதிக்காகவே பள்ளிக்கூடத் தொழிற்பட்டறைகள் அதைத் தேடி வாங்கின. நாள் முழுவதும் அடித்தாலும் காது வலிக்காது, அண்டை வீட்டார் சண்டைக்கு வரமாட்டார்கள். நகரத்தில், வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் உலை வைக்கப் போகிற உங்களில் பலருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஃபிஷர்தான். அந்த நிறுவனம் 1979-இல் மூடப்பட்டது. கற்கள் இன்னும் உழைக்கின்றன.

அப்படியானால் ஒலிக்கும் கல்லுக்கும் ஒலிக்காத கல்லுக்கும் பொதுவாக ஒரு சோதனை வேண்டாமா? இருக்கிறது. சட்டைப் பையில் அடங்கும் சோதனை. ஒரு பேரிங் குண்டு, முக்கால் அங்குலம் அல்லது ஓர் அங்குல விட்டம். ஓர் அளவுகோல். அளவுகோலை முகத்தின்மேல் நிமிர்த்திப் பிடியுங்கள். பத்து அங்குல உயரத்திலிருந்து குண்டை விடுங்கள். விழுந்து எழும்பும் குண்டு எவ்வளவு உயரம் வருகிறது? ஏழு அங்குலம் வந்தால் நல்ல கல். எட்டு, ஒன்பது வந்தால் மிக நல்ல கல். மூன்று நான்கு அங்குலத்தோடு நின்றுவிட்டால் எஃகு முகமே இல்லை, அல்லது இருந்த இறுக்கம் போய்விட்டது. ஒரே இடத்தில் விட்டுப் பார்த்து முடித்துவிடாதீர்கள். இடுப்புக்கு நேர் மேலே விடுங்கள், ஓரத்தில் விடுங்கள், வால்பக்கம் விடுங்கள். வால் மெல்லியதாக அந்தரத்தில் நிற்பதால் அங்கே துள்ளல் குறையும், அது குறையல்ல. ஆனால் நடுவில் ஓரிடத்தில் மட்டும் குண்டு சோர்ந்து விழுந்தால், அங்கே அரை அங்குலத்துக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது.

என்ன நேர்ந்திருக்கும்? இந்த நாட்டில் கொட்டகைகள் தீப்பிடிப்பது உண்டு. மரக் கொட்டகை, உள்ளே வைக்கோல். எல்லாம் எரிந்த பிறகு சாம்பலுக்குள் பட்டறைக்கல் மட்டும் நிற்கும். பார்க்க ஒரு பழுதும் இருக்காது. ஓரம் கூர்மையாக, கொம்பு வழவழவென்று, விலையும் மலிவாக இருக்கும். ஆனால் மெல்லச் சுட்டு மெல்ல ஆறிய எஃகு பதம் இழந்துவிடும். அடித்தால் பள்ளம் விழும். கண்ணால் பார்த்தால் தெரியாத இந்தக் கேட்டைப் பேரிங் குண்டு ஒரு நொடியில் சொல்லிவிடும். அதனால்தான் சொல்கிறேன், கண் ஒன்றை நம்பிப் பட்டறைக்கல் வாங்காதீர்கள்.

ஓரங்கள் உடைந்திருக்கின்றனவே, வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம்! நூறு ஆண்டு அடிபட்ட கல்லில் ஓரம் உடையாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். கூர்மையான ஓரம் எல்லா வேலைக்கும் நல்லது என்பதும் தவறான எண்ணம். கூர் ஓரத்தில் வைத்து அடித்தால் இரும்பில் வெட்டு விழுந்து, அந்த இடத்தில் மடிப்பு ஏறி, பின்னால் முறியும். சற்றே உருண்ட ஓரம்தான் பெரும்பாலான வேலைக்கு வேண்டும். நான்கு அங்குல நீளத்துக்கு நல்ல ஓரம் இருந்தால் போதும். முகம் நடுவில் கொஞ்சம் தாழ்ந்திருந்தால்? அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். சிறு தாழ்வு கேடல்ல. வளைந்த கம்பியை நிமிர்த்தும்போது அந்தத் தாழ்வு கைகொடுக்கிறது என்று அனுபவமுள்ள கொல்லர்கள் சொல்கிறார்கள், அது உண்மை. தட்டு போலக் குழிந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இங்கே ஒன்றைச் சற்று உரக்கச் சொல்ல வேண்டும். தயவுசெய்து முகத்தை இழைக்காதீர்கள். பழைய பட்டறைக்கல்லை வாங்கிவந்து, மெஷின் ஷாப்பில் கொடுத்து, மில்லிங் மெஷினில் கால் அங்குலம் சீவி, கண்ணாடி போலப் பளபளக்கச் செய்து கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யப்பட்ட, இங்கிலாந்தின் 'பீட்டர் ரைட்' கல் ஒன்றை நான் பார்த்தேன். முகத்தில் முகம் பார்க்கலாம். பேரிங் குண்டை விட்டேன். அது எழும்பவே இல்லை. சொந்தக்காரர் பெருமையோடு நின்றார். நான் என்ன சொல்ல முடியும்? எத்தனையோ ஆட்கள் சுற்றி நின்று அடித்து ஒட்டவைத்தது, ஒரு தலைமுறைக் கொல்லர்கள் அடித்து அடித்துக் காத்தது, ஒரு பிற்பகலில் இரும்புத்தூளாகத் தொட்டியில் கிடந்தது. இறுகிய பகுதி மேலேதான் என்று சொன்னேன் அல்லவா? அதைச் சீவிவிட்டால் எஞ்சுவது என்ன? துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஓரத்தைக் கிரைண்டரால் லேசாக உருட்டுங்கள். அதற்குமேல் வேண்டாம். முகத்தை வழவழப்பாக்கும் வேலையைக் காய்ந்த இரும்பும் சுத்தியலும் பார்த்துக்கொள்ளும்.

இனி முத்திரைகளைப் பற்றி. முத்திரை படிப்பது ஓர் இன்பம். ஈரமில்லாத மாவையோ சுண்ணக்கட்டியையோ பக்கவாட்டில் தேய்த்து, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். எழுத்துகள் மெல்ல மெல்ல மேலே வரும். இங்கிலாந்தின் டட்லியில் பீட்டர் ரைட் என்பவர் 1852-இல் காப்புரிமை பெற்றுச் செய்த கற்கள் உலகம் முழுவதும் போயின. அவற்றின் இடுப்பில் மூன்று எண்கள் இடைவெளி விட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, ஒன்று, இரண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் இது நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு என்பார். அல்ல! முதல் எண் அந்தர். ஓர் அந்தருக்கு 112 பவுண்டு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அந்தர்க் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நடு எண் கால் அந்தர். ஒன்றுக்கு 28 பவுண்டு. கடைசி எண் வெறும் பவுண்டு. ஆக 112, 28, 2. கூட்டினால் 142 பவுண்டு. நம் கணக்கில் 64 கிலோ. முப்பது பவுண்டு வித்தியாசம்! கணக்கு தெரிந்தவருக்கு அது கைமேல் பலன். விற்பவருக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டே விலை பேசுங்கள் என்பது என் கட்சி. ஒரு முதியவரின் அறியாமையில் முப்பது பவுண்டு சம்பாதித்து நாம் ஒன்றும் வாழ்ந்துவிடப் போவதில்லை.

ஷெஃபீல்டு நகரத்து ரிவெலின் ஆற்றங்கரையில் இருந்தது மவுஸ்ஹோல் உலைக்களம். ஆற்றுநீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் பெரிய சம்மட்டிகளைத் தூக்கிப் போட்ட இடம். அங்கிருந்து வந்த கற்கள் சிலவற்றில் எலியின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கும். வட்டத் துளை இல்லாத, கொம்பு குட்டையான கல் ஒன்று கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கோ அதற்கும் முன்போ அது போகக்கூடும்.

நியூயார்க்கின் புரூக்ளினில் செய்த 'ஹே பட்டன்' கற்களுக்கு அடியில் பெரும்பாலும் மணற்கடிகை வடிவில் ஒரு குழி இருக்கும். பாதத்தில் வரிசை எண் இருக்கும். எடை நேராகப் பவுண்டில் இருக்கும். நம் ஊர் ட்ரென்டனுக்கு வைர வடிவக் கட்டத்துக்குள் பெயர். ட்ரென்டன் என்ற பெயரைப் பார்த்து நியூ ஜெர்சிக் கல் என்று நினைப்பவர் உண்டு. அது கொலம்பஸ் கல்தான். ஆர்ம் அண்ட் ஹாமரில் கையும் சுத்தியலும் உடலில் குழிவாக வெட்டப்பட்டிருக்கும். இல்லினாய் மாநிலத்தில் செய்த 'வல்கன்' கல்லிலும் கையும் சுத்தியலும் உண்டு. ஆனால் அங்கே உருவம் புடைத்து நிற்கும், உடல் வார்ப்பிரும்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வல்கனுக்கு ஆர்ம் அண்ட் ஹாமர் விலை கொடுத்துவிடாதீர்கள். ஸ்வீடனின் 'சோடர்ஃபோர்ஸ்', 'கோல்ஸ்வா' இரண்டும் முழுக்க வார்ப்பு எஃகு. தகடு பிரியும் அச்சமே இல்லை. மேலும் அறிய விரும்புகிறவர்கள் ரிச்சர்ட் போஸ்ட்மன் 1998-இல் வெளியிட்ட 'ஆன்வில்ஸ் இன் அமெரிக்கா' நூலைத் தேடிப் படியுங்கள். கல் கல்லாகப் போய்ப் பார்த்து எழுதிய மனிதர் அவர்.

டட்லியைப் பற்றிச் சொன்னேன். அதன் பக்கத்து ஊர் கிரேட்லி ஹீத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இரும்பு அடித்தது ஆண்கள் மட்டும் என்று நினைக்கிறோமே, அது சரியா? கிரேட்லி ஹீத்தில் வீட்டுக் கொல்லைப்புறங்களில் பெண்கள் உலை மூட்டிச் சங்கிலி அடித்தார்கள். குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு கம்பியைக் காய்ச்சி, வளைத்து, பட்டறைக்கல்லில் வைத்து ஒட்டி, கண்ணி கண்ணியாகச் சங்கிலி கோத்தார்கள். கூலி வயிற்றுக்குப் போதவில்லை. மணிக்கு இரண்டரைப் பென்னி என்று குறைந்தபட்சக் கூலி சட்டப்படி நிர்ணயமான பிறகும் முதலாளிகள் பலர் கொடுக்க மறுத்தார்கள். 1910-இல் மேரி மெக்கார்தர் என்ற தொழிற்சங்கத் தலைவி முன்னிற்க, அந்தப் பெண்கள் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். எழுபத்தொன்பது வயதுப் பேஷன்ஸ் ரவுண்ட் என்ற மூதாட்டியும் அவர்களோடு நின்றார். பத்து வாரம் போராடினார்கள். வென்றார்கள்! திரண்ட போராட்ட நிதியில் எஞ்சியதைக் கொண்டு தொழிலாளர்களுக்கென ஒரு மன்றமே கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்று டட்லியில் உள்ள பிளாக் கன்ட்ரி வாழும் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இங்கே வந்திருக்கும் சகோதரிகளே, கொல்லுத் தொழில் கற்க வேண்டும் என்று உங்கள் மகள் கேட்டால், அது பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, கையில் காசு குறைவாக இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பட்டறைக்கல் கிடைக்கும் வரை உலை மூட்டாமல் காத்திருக்காதீர்கள். தாயகத்தில் நம் ஊர்க் கொல்லர் எதில் அடித்தார்? மரக்கட்டையில் இறக்கிய சின்னச் சதுர இரும்பில். கொம்பு இல்லை, வால் இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே அரிவாளும் மண்வெட்டியும் கொழுவும் அடித்துத் தந்தார். ஓர் ஊரின் வேளாண்மையே அதில் நடந்தது. உங்களுக்கு ஒரு தண்டவாளத் துண்டு கிடைத்தால் செங்குத்தாக நிறுத்தி அடியுங்கள். புதிதாகச் செய்யும் வார்ப்பு எஃகுக் கற்களும் இன்று நல்ல தரத்தில் வருகின்றன. ஓரம் நொறுங்கிய பழைய கல்லுக்கு மிகை விலை கொடுப்பதைவிட அவற்றில் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். வேண்டாதது ஒன்று உண்டு: மலிவுக் கடைகளில் பட்டறைக்கல் வடிவத்தில் விற்கும் வெறும் வார்ப்பிரும்பு. அதில் எஃகு முகம் கிடையாது. மேலே உள்ள அரை அங்குலம் கிடையாது.

வாங்கியவர்கள் கனமான மரக்கட்டையில் இறுக்கி நிறுத்துங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், விரல் கணுக்கள் படும் உயரத்தில் முகம் இருக்கட்டும். ஒலி அதிகமானால் இடுப்பில் சங்கிலியைச் சுற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ஒரு நாளும் அடிக்காதீர்கள்; முகத்தின் ஓரத்தில் சுத்தியல் தவறி விழுந்தால் எஃகுச் சில்லு பறக்கும். தூக்கும்போது தனியாகத் தூக்காதீர்கள்.

வாங்கும் அன்றே விற்பவரிடம் கேளுங்கள்: இதில் அடித்தவர் யார், எந்த ஊர், என்ன வேலை செய்தார்? கேட்டதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னாளில் கல் கைமாறும்போது அந்தத் தாளும் கூடவே போகட்டும். நண்பர்களே, பழைய இரும்புக்கடையிலோ ஏலத்திலோ கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பட்டறைக்கல்லைக் கண்டால், உங்களுக்கு அது தேவைப்படாவிட்டாலும், உலை வைத்திருக்கும் ஒருவருக்கு அன்றே போன் செய்து சொல்லுங்கள். மறுநாள் வரை அது அங்கே இருக்கும் என்று நம்பாதீர்கள்.